அத்தியாயம் 5: நிற்பது நடை ஆகாது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களில் யாரிடமாவது "தினமும் கொஞ்சம் நடங்க" என்று சொல்லிப் பாருங்கள். "காலையிலருந்து கம்பெனில நின்னுனேதான் இருக்கேன். இதுல தனியா வேற நடக்கணுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடிவதற்குள் சோறு வடித்து, டப்பா கட்டி, கம்பெனி வண்டி பிடித்து, டார்கெட் முடித்து, இருட்டியபின் வீடு திரும்புகிற பெண்ணிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசுகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் இதுதான்: கால் வலிக்கிறது என்பதாலேயே கால் நடந்துவிட்டது என்று ஆகாது. நிற்கும்போது கெண்டைக்கால் தசை இறுகியபடியே இருக்கிறது. நடக்கும்போதுதான் அது சுருங்கி விரிகிறது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவதும் அந்தச் சுருங்கி விரிதல்தான். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறவருக்கு மாலையில் கணுக்கால் வீங்குவதும், வருடங்கள் போகப்போகக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைப்பதும் இதனால்தான். தையல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் நிலைமை வேறு மாதிரி. கையும் கண்ணும் ஓய்வில்லாமல் உழைக்கின்றன. இடுப்புக்குக் கீழே உடம்பு தூங்குகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கும் இதே கதைதான்.

உழைப்பு வேறு, உடம்பு அசைவது வேறு என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியது லண்டன் பேருந்து. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் தன் குழுவோடு பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். ஒரே வண்டி, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் அந்த மாடிப் பேருந்தில் தினமும் 500 முதல் 750 படிகள் ஏறினார். மாரடைப்பு ஓட்டுநர்களையே அதிகம் தாக்கியது. வேலை முடிந்து இருவரும் ஒரே அளவு களைத்துத்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் இருப்பவர் அந்த ஓட்டுநர். லைனுக்கு லைன் ட்ரே தூக்கிக்கொண்டு நடக்கும் ஹெல்ப்பர்தான் நடத்துநர். சம்பளம் குறைவு என்றாலும் உடம்பளவில் ஹெல்ப்பருக்கு ஒரு நன்மை இருக்கிறது.

ஆகவே ஏற்கனவே களைத்திருக்கிற உடம்பை இன்னும் வதைக்க நான் சொல்லவில்லை. நாளெல்லாம் இறுகிப்போன தசைக்கு விடுதலை கொடுக்கச் சொல்கிறேன். நின்று நின்று கனத்த கால் பத்து நிமிடம் நடந்ததும் லேசாவதைப் பலர் முதல் வாரத்திலேயே உணர்கிறார்கள்.

சர்க்கரையும் சாப்பாட்டுக்குப் பின் நடையும்

நடையால் ரத்த அழுத்தம் இறங்கும், தூக்கம் சீராகும், மனப் பாரம் குறையும், முட்டித் தேய்மானம் உள்ளவருக்கு முட்டியைத் தாங்கும் தசை வலுவாகும். இவையெல்லாம் உண்மை. ஆனால் நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருப்பது சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சாப்பிட்ட உணவு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைக்குள் அனுப்ப இன்சுலின் வேண்டும். சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் இருக்கும், அல்லது இருந்தும் வேலை செய்யாது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் தானே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பின்பக்கத்திலும்தான் இருக்கின்றன. நடந்தால் அவை அத்தனையும் இயங்கும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள் அளவுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரேயடியாக நடப்பதைவிட, தினமும் கொஞ்சம் நடப்பது மேல். இரண்டு நாள் தொடர்ந்து விடாதீர்கள்.

இதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைச் சீராக்கி, தினமும் குறைந்தது அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லப்பட்டவர்களில் அது 39 சதவீதமாக இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்தவர்களிடமும் ஏறத்தாழ இதே அளவு பலன்தான். ஜிம் இல்லை, டிரெட்மில் இல்லை. நம்மைப் போல் அரிசிச் சோறு சாப்பிடும் மக்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஏற்கனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. செய்வதை விடாமல் செய்யச் சொன்னார்கள். மூட்டை தூக்குகிறவருக்கும் ஈரத் தோலைச் சுமந்து நடக்கிற டேனரித் தொழிலாளிக்கும் இந்த அத்தியாயத்தின் பாதி பொருந்தாது. அவர்கள் நேராகப் பாதம் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

எப்போது நடப்பது? ஊரில் எல்லோரும் விடியற்காலையைச் சொல்வார்கள். என் கருத்தில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எட்டாத யோசனை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். சர்க்கரைக்கும் அதுதான் அதிகம் உதவும். 2013-இல் அமெரிக்காவில் முதியவர்களிடம் நடத்திய ஒரு சிறிய ஆய்வில், காலையில் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடந்ததற்கும் ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடந்ததற்கும் நாள் முழுவதற்குமான பலன் ஒத்திருந்தது. ஆனால் இரவு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்கியது சாப்பாட்டுக்குப் பின் போன நடைதான். பத்தே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்றாலும், உடம்பு வேலை செய்யும் விதத்தோடு அது பொருந்திவருகிறது. சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்ட ஞாயிறு மதியம் உடனே பாய் விரிக்காமல், வெயில் கடுமையாக இருந்தால் வீட்டு வராந்தாவிலாவது கால் மணி நேரம் உலாத்துங்கள். ஆம்பூர்க்காரரைப் பிரியாணியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அளவைக் குறைத்துக்கொண்டு, எழுந்து நடங்கள் என்றுதான் சொல்வேன்.

நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கு மாறும். சர்க்கரை உள்ளவர் அஸருக்குப் பிறகு, நோன்பு திறப்பதற்கு முன் வேகமாக நடக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்துபோகும், உடம்பில் நீரும் இருக்காது. நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் பள்ளிவாசலுக்கு வண்டியில் போகாமல் நடந்து போய்வந்தால் அதுவே அன்றைய நடை.

எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்

10,000 அடி என்ற எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த எண் அது, ஆய்வில் பிறந்ததல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களின் நடையை அளந்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் அதிகம் தெரியவில்லை. 10,000 முடியவில்லையே என்று நடப்பதையே கைவிட்டவர்கள் மறுபடி தொடங்க இது போதும்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. முன்பு ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கம்பெனி வாழ்க்கைக்கு இது பெரிய வரம். வண்டி நிற்கும் இடத்துக்கு நடப்பது, மதிய இடைவேளையில் டப்பா கழுவியபின் காம்பவுண்டுக்குள் நிழல் பக்கமாக இரண்டு சுற்று, டீ நேரத்தில் ஐந்து நிமிடம், இரவு 15 நிமிடம் என்று எல்லாம் சேரும். வேகத்துக்கு அளவு இது: நடந்தபடி பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வரும்.

இடம் என்று பார்த்தால் வேலூர் நகரத்தார் கொடுத்துவைத்தவர்கள். அகழியும் கோட்டைச் சுவரும் உள்ளே மரநிழலும் கொண்ட இடத்தில் இலவசமாக நடக்கலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் 'ஹெல்த் வாக்' பாதைகளைத் தொடங்கியது. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்ததால் நம் பகுதிக்கு மூன்று பாதைகள் கிடைத்தன. ஆனால் நெருக்கமான சந்துகளில் வாழும் ஆம்பூர்ப் பெண்ணுக்கு எட்டு கிலோமீட்டர் பாதை ஒத்தாசையாகாது. அவளுக்கு மாடி இருக்கிறது. மொட்டை மாடியில் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து நடக்கலாம். பர்தா, நாய்த் தொல்லை, இருட்டு என்ற எந்தத் தடையும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் இருட்டில் நடக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் வண்டி எதிரே வரும் பக்கமாக, வெளிர்நிற உடையில் நடங்கள். டேனரிக் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரமும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் வெளியே நடப்பதால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

கரிகிரி கற்றுத்தந்தது

உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள் இவை. நடக்கும் பாதத்தைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட ஒரு பெரிய பாடமும் இங்கிருந்துதான் போனது. நம்மில் பலருக்கு இது தெரியாது.

கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அப்போது தொழுநோயாளிகளின் பாதத்தில் வரும் புண் ஆறவே ஆறாது, நோயே சதையை அழுகவைக்கிறது என்பதுதான் பொது நம்பிக்கை. பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் கவனித்துக் கண்டது வேறு. சதையில் குறையில்லை, வலிதான் இல்லை. நமக்கு ஓரிடத்தில் செருப்பு அழுத்தினால் நாம் அறியாமலேயே நொண்டுவோம், பாதத்தைச் சாய்த்து வைப்போம், உட்கார்ந்துவிடுவோம். உணர்வற்ற கால் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்துக்கொண்டே போகும். முள் குத்தினால்தான் புண் வரும் என்பதில்லை. சாதாரண நடையின் மிதமான அழுத்தமே, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால், தோலுக்கடியில் சதையை நசுக்கிப் புண்ணாக்கிவிடும். அழுத்தத்தை நீக்கி, மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு தந்தபோது, ஆறாது என்று கைவிடப்பட்ட புண்கள் ஆறின.

அடுத்த கேள்வி, ஆறிய காலோடு எப்படி நடப்பது என்பது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷிஃப்லின் தொழுநோய் மையத்திலும் வேலூரிலும் அதற்கான தேடல் நடந்தது. அதில் நிலைத்தது மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத சிறு காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அட்டை. அதற்குக் கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான சோல். குதிகாலைப் பிடிக்கும் பின்வார். ஆஸ்பத்திரிகளிலும் செருப்புக் கடைகளிலும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் இன்றும் கிடைப்பது இதுதான். தொழுநோயாளிக்காகப் பிறந்த அந்தச் செருப்பு இப்போது சர்க்கரை நோயாளியின் காலில் இருக்கிறது. நீண்டநாள் சர்க்கரையும் பாத நரம்பை மரத்துப்போகச் செய்வதுதான் காரணம்.

நல்ல எம்.சி.ஆர். அட்டையை அறிய ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். பாதித் தடிப்புக்கு அமுங்கி, விட்டவுடன் பழையபடி எழ வேண்டும். முழுக்க ஒட்டிப்போனாலும் தவறு, அமுங்கவே அமுங்காவிட்டாலும் தவறு. போட்டுத் தேய்ந்த அட்டை எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இன்றிரவே உங்கள் பழைய செருப்பைக் கழுவாமல் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பெருவிரலும் விரலடி மேடும் குதிகாலும் பட்ட இடங்கள் கறுத்துப் பளபளக்கும். இரண்டு செருப்பிலும் கறை ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் பெருவிரலடியில் ஆழமாகக் கறுத்திருந்தால், அங்கே அழுத்தம் கூடுதல். பாதத்திலும் அதே இடத்தில் ஆணிக்கால் போலத் தோல் தடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சர்க்கரை உள்ளவருக்குப் புண் பெரும்பாலும் அந்தத் தடிப்புக்கு அடியில்தான் தொடங்கும். அதை பிளேடால் சீவ வேண்டாம், மருத்துவமனையில் காட்டுங்கள்.

பாதம் மரத்தவருக்கு முன்பு சொன்ன வேகக் கணக்கு பொருந்தாது. அவர் எட்டைக் குறைத்து, மெதுவாக, குறைந்த தூரமாகப் பிரித்து நடக்க வேண்டும். நடந்து வந்ததும் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடம் மட்டும் சுட்டால், அங்கே சதை நசுங்குகிறது என்று பொருள்; மறுநாள் நடை வேண்டாம். உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பேத்தியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். வேண்டுதலாகவே இருந்தாலும், மரத்த காலோடு அதை வெறுங்காலில் சுற்றாதீர்கள். சாமி ஏற்றுக்கொள்ளும், பாதம் ஏற்காது.

செருப்பும் ஷூவும்

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லாஸ்ட் என்றால் என்ன, ஹீல் கவுண்டர் ஏன் விறைப்பாக இருக்க வேண்டும், உள்தையல் எங்கே உரசும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். வெளிநாட்டுப் பாதத்துக்குக் காட்டும் அந்த அக்கறையைத் தன் காலுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் ஆதங்கம். மற்றவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. நீளமான விரலுக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலம், ஆகையால் கூர்மூக்கு ஷூ வேண்டாம். முன்பக்கம் மடங்க வேண்டும், நடுப்பகுதி மடங்கக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாமல், கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்த காலுக்கு விரலிடை வார்ச்செருப்பு ஆகாது. தெரியாமலே கழன்று விழும். வார் உரசியே புண்ணாகும்.

டேனரியில் நாள் முழுக்க ஈர பூட்ஸ் போடுகிறவர் வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, உலர்ந்த பிறகே நடக்கப் போகட்டும். ஈர இடுக்கில் சேற்றுப்புண் வரும். தோல் பதனிடும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஷூ போட்டால் புறங்காலில் மட்டும் அரித்துத் தடிக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

நடக்கும்போது நெஞ்சு இறுகினால், இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் அங்கேயே உட்காருங்கள்; 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ள ஆண்களிடம் இது அதிகம். மருத்துவர் பார்த்தபின் இவர்களுக்கும் நடையே சிகிச்சையின் ஒரு பகுதியாகும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சட்டைப்பையில் அல்லது பர்ஸில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் உடனே வாயில் போட வேண்டும்.

சர்க்கரையும் அழுத்தமும் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாதவர், 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பார்த்துக்கொள்ளலாம். பகலில் கம்பெனிக்குப் போய்விடுகிறவர் வார விடுமுறையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பாதத்தில் திறந்த புண் இருந்தால் அது ஆறும்வரை நடை கிடையாது, எவ்வளவு சிறிய புண்ணாக இருந்தாலும். அந்த நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தில் பாரம் படாமல், ஒவ்வொரு காலாக முட்டியை நீட்டி மடக்குங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தோளுக்கு மேலே பத்துப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் இதைச் செய்யலாம். கட்டுப் பிரித்த மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டுக்குள் ஐந்து நிமிடத்திலிருந்து மறுபடி நடக்கத் தொடங்கலாம்.